கண்ணில்லா மீனும் பதினோரு நகல்களும்

— "உலக உயிரியல் வரலாற்றின் பொன்னேடுகளில் இன்று ஒரு புதிய பக்கம் திறக்கப்படுகிறது. இதுகாறும் மனிதப் பார்வைக்குப் புலப்படாமல், நிலத்தடி நீரின் காரிருளில் கரந்துறைந்து வாழ்ந்துவந்த கண்களற்ற நன்னீர் மீனினம் ஒன்றை, நன்னீர் உயிரின ஆய்வு நிலையத்தின் துணை இயக்குநர், அடைப்புக்குறிக்குள் பொறுப்பு, அவர்கள் தமது முப்பத்தோராண்டு கால அயராத உழைப்பின் பயனாகக் கண்டறிந்துள்ளார் என்பதை..." ஏன்க்கா சிரிக்கிற?

— சிரிக்கலடா. பொன்னேடுங்கிற வார்த்தைய டைப் அடிச்சு எத்தன வருஷமாச்சுன்னு யோசிச்சேன். கோர்ட்டுல முப்பது வருஷம் அடிச்சேன், ஒரு தடவகூட வந்ததில்ல. வாய்க்கா வரப்புத் தகராறுல பொன்னேடு எங்கேர்ந்து வரும். சரி, அத கீழ வெச்சுட்டு நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளு தம்பி.

— முழுசாப் படிச்சு முடிச்சிடறேன், குறுக்க பேசாத. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வல்லுநர் குழு இந்த வீட்டுக்கு வருது. இந்தக் கூடத்துலதான் உட்காரப் போறாங்க. அதாவது, அந்த நாற்காலியில தலைவர், இந்தப் பக்கம் ரெண்டு உறுப்பினர், ஜன்னலோரம் நான் நின்னுக்கிட்டு வாசிக்கிறேன். நேத்து முழுக்க ஆபீஸ்ல இத ஒத்திகையே பார்த்தாச்சு.

— நேத்துதான் நான் உனக்கு போன்...

— பார்த்தேன், பார்த்தேன். ஒத்திகை நடுவுல போன எடுத்தா நல்லாவா இருக்கும்? இப்ப நீ அடிச்சதுல பிழை இருக்கான்னு மட்டும் பாரு.

— பிழையா? "அயராத உழைப்பின் பயனாக"ன்னு ஒண்ணு இருக்கு. மோட்டார் தண்ணி எடுக்கலன்னு மெக்கானிக் வந்தான். கிணத்துக்குள்ளேர்ந்து குழாயத் தூக்கி அடியில இருக்கிற புட்வால்வக் கழட்டினான். சல்லடையில செவப்பா நூல் மாதிரி ஒண்ணு மாட்டியிருந்துச்சு. "ம்மா, இந்த நூலுக்கு வால் இருக்கு"ன்னான். டம்ளர்ல போட்டு மூடிவெச்சுட்டு உனக்குச் சொன்னேன். இதுல அயராத உழைப்பு யாரோடது, எங்க வருதுன்னு காட்டு, கமா போட்டுத் தரேன்.

— அது கண்டெடுத்தல், அக்கா. கண்டறிதல் வேற. மெக்கானிக் கையில கிடைச்சா அது குப்பை. அத முறையாப் பதிவு பண்ணி, கோப்பு எண் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பினாத்தான் அது கண்டறிதல்.

— புரியுது. பேராவது அவன் பேர வெப்பியா?

— பேர் வெக்கிறதுக்கு ஒரு மரபு இருக்கு. கண்டுபிடிச்சவர் தன் பேரத் தானே வெச்சுக்கக் கூடாது. அதனால என் உதவியாளர் எழுந்து என் பேர முன்மொழிவார். நான் மறுப்பேன். அவர் வற்புறுத்துவார்.

— எத்தன தடவ மறுப்ப?

— ரெண்டு.

— மூணாவது தடவ மறுத்துடாத, அந்த ஆள் பாட்டுக்கு உட்கார்ந்துடப் போறார். அப்புறம் அந்த மீன் பேரில்லாமச் சாகணும்.

— கேலி பண்ணு. நல்லாப் பண்ணு. வெள்ளிக்கிழமையோட நான் ஓய்வு அக்கா. பதினோரு வருஷமா அந்த அடைப்புக்குறிக்குள்ளயே உட்கார்ந்திருக்கேன். பொறுப்பு, பொறுப்பு, பொறுப்பு. இத்தன வருஷத்துல என் பேர்ல வெளிவந்தது என்ன தெரியுமா? குளத்துப் பாசி பத்தின அறிக்கை. அதுலயும் அட்டையில என் இனிஷியல் தப்பு.

— சரிடா. டீ ஆறுது, குடி.

— எனக்காக மட்டும் சொல்லல. நாளைக்கு அந்தக் குழு கையெழுத்துப் போட்டாத்தான் இது புது இனம், அழியற நிலைல இருக்கிற இனம்னு ஆகும். அப்பதான் பக்கத்து மனைக்காரன் போடப்போற எட்டு ஆழ்குழாயும் நிக்கும். இல்லேன்னா திங்கள்கிழமை லாரி வந்துடும். எட்டுக் குழாய் எறங்கினா ஊத்து எங்கயோ பாதாளத்துக்குப் போயிடும், இதுங்க எல்லாம் காஞ்ச மண்ணுக்குள்ள மாட்டிக்கும். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்தக் கோப்பத் தூக்கிக்கிட்டு நடக்க அந்த ஆபீஸ்ல ஒரு ஆள் கிடையாது.

— அது எனக்குத் தெரியாதா. அதனாலதான் சொல்றேன், நேத்து...

— அதனாலதான் நான் ஒரு மாசமாத் தூங்கல. நமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. முழுசா, உயிரோட, ஒரே ஒரு மீன்.

— உங்க ஆபீஸ்ல பாட்டில்ல ஒண்ணு இருக்குமே.

— அதுக்குத் தலை இல்லையே அக்கா.

— ஆமால்ல. மறந்தே போச்சு.

— சல்லடை அறுத்துடுச்சு. உடம்பு இருக்கு, வால் இருக்கு, தலை இல்ல. போன தடவ குழு முன்னாடி அதத்தான் கொண்டுபோய் வெச்சேன். "கண்களற்ற மீனினம்"னு கம்பீரமா ஆரம்பிச்சேன். தலைவர் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாட்டிலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண் இல்லேன்னு எத வெச்சு சொல்றீங்க?"ன்னார். ஒரு உறுப்பினர், பேர் வேண்டாம், "தலை இல்லாததால சொல்றார்"னு சொல்லிட்டுத் தனக்குத் தானே சிரிச்சுக்கிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

— அப்ப வலையில உயிரோட மாட்டின அந்த மூணு மீனோட போட்டோவக் காட்டியிருக்கலாமே. போன்ல எடுத்தியே.

— காட்டினேன். போட்டோ ஆவணமாகாதாம். கிணத்துல பிடிச்சதுன்னு என்ன அத்தாட்சின்னு கேக்கறாங்க.

— அன்னிக்கே ஒண்ண பாட்டில்ல போட்டிருந்தா இந்த அலைச்சலே இல்ல.

— தெரியும். விதிப்படி அதத்தான் செஞ்சிருக்கணும். பதப்படுத்தற மருந்துப் பாட்டில மூடி திறந்து பக்கத்துலயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்தியே.

— பார்த்தேன். முக்கா மணிநேரம் உட்கார்ந்திருந்த. கால் மரத்துப் போச்சுன்னு அப்புறம் நான்தான் தூக்கிவிட்டேன்.

— ஒண்ண உள்ளங்கைத் தண்ணியில விட்டுப் பார்த்தேன் அக்கா. சுண்டுவிரல் நகத்தவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். உள்ள ரத்தம் ஓடறது வெளிய தெரியுது. மத்த மீனெல்லாம் கையில எடுத்தா துள்ளும், ஓடப் பார்க்கும். இது ஓடல. என் விரல ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச்சு. இருட்டுல சுவரத் தடவிக்கிட்டு வர்ற மாதிரி. எத்தனையோ ஆயிரம் வருஷமா அதுங்க யாரையும் பார்த்ததில்ல, யார்கிட்டயும் பயப்படக் கத்துக்கவும் இல்ல. அதப் போய் எப்படி மருந்துல போடறது.

— இத எழுதேன்டா அந்த அறிவிப்புல. பொன்னேடத் தூக்கிட்டு இத எழுது.

— இதெல்லாம் எழுதினா அறிவியல் இல்ல. மூணையும் வாளியோட எறக்கி நானே திருப்பி விட்டேன். அது சரிதான்னு இப்பவும் நினைக்கிறேன். கிணறு எங்கயும் போயிடப் போறதில்ல, வேணும்னா எடுத்துக்கலாம்னு ஒரு தைரியம். இப்ப குழுகிட்ட கெஞ்சி ஒரு சலுகை வாங்கியிருக்கேன். உயிரோட கண்ணாடித் தொட்டியில காட்டினாப் போதும். பார்த்துப்பாங்க, அளந்துப்பாங்க, எழுதிப்பாங்க. மறுபடி கிணத்துலயே விட்டுடலாம். கொல்ல வேண்டியதே இல்ல.

— தம்பி.

— மெக்கானிக்க இன்னிக்கு வரச்சொல்லியிருக்கேன். போன தடவ மாதிரியே குழாய் வாயில கொசுவலை கட்டி ரெண்டு மணிநேரம் மோட்டார ஓட விட்டா...

— டேய், நான் பேசலாமா?

— ஒரே ஒரு பத்தி பாக்கி. "இவ்வரிய இனத்தைக் காக்க வேண்டி துணை இயக்குநர் அவர்கள் ஐந்து மாதங்களுக்கு முன்பே பதினோரு துறைகளுக்கும் மடல் அனுப்பி உடனடி நடவடிக்கை கோரியிருந்தும், எத்துறையும் இன்றுவரை அசையவில்லை என்பதை ஆழ்ந்த வேதனையுடன்..." ஆழ்ந்த வேதனைக்கு முன்னாடி நிறுத்தி ஒரு மூச்சு விடலாம்னு இருக்கேன். உனக்குத் தெரியாததா, நீதானே அந்தக் கடிதத்த அடிச்ச. வருவாய்த்துறை, வனத்துறை, மீன்வளம், குடிநீர் வாரியம், பொதுப்பணி, சுகாதாரம்...

— அடிச்சேன். ஒவ்வொரு நகலுக்கும் "தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்"னு பதினோரு தடவ அடிச்சேன். ஏண்டா இத்தன பேருக்கு, ரெண்டு பேருக்கு அனுப்பினாப் போதாதான்னு அன்னிக்கே கேட்டேன். "நகல் போகாத கடிதம் கடிதமே இல்ல"ன்ன.

— அது நிர்வாகத்தோட அடிப்படை. ஆனா பாரு, ஒருத்தனாவது ஒரு வரி பதில் போட்டானா? ஒருத்தனாவது எட்டிப் பார்த்தானா? மண்ணாந்தைங்க. அக்கா, இந்த டீயில என்ன வாடை?

— அதத்தான் நீ செருப்பக் கழட்டினதுலேர்ந்து சொல்ல வரேன்.

— பால் கெட்டுப் போச்சா?

— பால் நல்லாத்தான் இருக்கு. கேன் தண்ணி தீந்துபோச்சு, நம்ம தண்ணியிலதான் போட்டேன். கொதிக்கவெச்சாப் போயிடும்னு நெனச்சேன், போகல.

— ம்மா, கேட் திறந்திருந்துச்சு, அதான் உள்ள வந்துட்டேன். வணக்கம் சார்.

— வாப்பா மெக்கானிக். உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். வலை கொண்டாந்தியா?

— கொண்டாந்திருக்கேன் சார். போன தடவ கட்டினது நைஞ்சு போச்சு, இது புதுசு, கண்ணு சின்னது. புட்வால்வு சல்லடையக் கழட்டிட்டு குழாய நேரா எறக்கிடறேன். அப்பதான் தலை, வால் எதுவும் அறுபடாம வரும். லைன்ல காத்து அடைச்சிருந்தா கொஞ்சம் நேரம் பிடிக்கும், பார்த்துக்கலாம். ம்மா, கிணத்தச் சுத்தி வெள்ளையாக் கொட்டிக் கிடக்கே, சுண்ணாம்பு அடிக்கிறீங்களா?

— இல்லப்பா. நீ போய் மோட்டாரப் போடு. இவன்கிட்ட நான் கொஞ்சம் பேசணும்.

— சரிங்கம்மா. சார், எத்தன வேணும்?

— ஒண்ணு. முழுசா ஒண்ணு கிடைச்சாப் போதும்ப்பா. போன தடவ மாதிரி மூணு வந்தா ரெண்டத் திருப்பி விட்டுடு. வாளிய எறக்கி மெல்ல விடணும், மேலேர்ந்து கொட்டிடாத.

— பார்த்துக்கலாம் சார்.

— நல்ல பையன். அறிவிப்புல கடைசி வரியில அவனுக்கும் ஒரு நன்றி போட்டுடலாம். பேரு வேண்டாம், "உள்ளூர்த் தொழிலாளர் ஒருவர்"னு. அக்கா, என்ன வெள்ளையா? கிணத்தோரம் என்ன பண்ணின?

— நான் ஒண்ணும் பண்ணல. உட்காரு.

— உட்கார்ந்துதான் இருக்கேன்.

— நேத்துக் காலைல ஒரு ஜீப் வந்துச்சு. நாலு பேரு. முகத்துல துணி கட்டிக்கிட்டு, கைக்கு உறை போட்டுக்கிட்டு. அதிகாரி ஒருத்தர், ரொம்ப மரியாதையானவர். வாசல்லயே நின்னு, "துணை இயக்குநர் சாரோட அக்காதானேம்மா நீங்க?"ன்னார்.

— எந்தத் துறை?

— சொல்றேன். கையில ஒரு கடிதம். மேல உங்க நிலையத்தோட முத்திரை, அனுப்புநர்ல உன் பேரு. நான் அடிச்ச கடிதம், எனக்குத் தெரியாதா. ஓரமெல்லாம் மடிஞ்சு, சுத்தி பத்துப் பேரோட சிவப்பு மை, பச்சை மை, தேதி முத்திரை. அஞ்சு மாசமா மேசை மேசையாப் போய் வந்திருக்கு. "குடிநீர்க் கிணற்றில் உயிரினங்கள் காணப்படுவது குறித்து உடனடி நடவடிக்கை"ன்னு நீ சொல்லச் சொல்ல நான் அடிச்ச பொருள் வரிக்குக் கீழ கோடு போட்டிருந்தாங்க.

— எந்தத் துறைன்னு கேட்டேன் அக்கா.

— ஆறாவது நகல்.

— வருவாய், வனம், மீன்வளம், குடிநீர், பொதுப்பணி...

— சுகாதாரம். அப்பாடா, ஒரு துறையாவது இவன் எழுதினத மதிச்சு வந்திருக்கேன்னு உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டேன்டா. தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்மான்னு பாட்டில்லேர்ந்து குடிச்சார். அப்புறம் ஜீப்புலேர்ந்து மூட்டைய எறக்கினாங்க.

— என்ன மூட்டை?

— ப்ளீச்சிங் பவுடர்.

— நீ தடுக்கலியா?

— தடுத்தேன். கிணத்துக்குக் குறுக்க போய் நின்னேன். "ஐயா, இதுல மீன் இருக்கு"ன்னேன். "தெரியும்மா, அதுக்குத்தானே வந்திருக்கோம்"னார்.

— என் கடிதத்துலயே விவரமா இருக்கே. அரிய இனம், அழியும் நிலைன்னு ரெண்டாம் பக்கத்துல...

— அவர் கையில முதல் பக்கந்தான் இருந்துச்சு. ரெண்டாம் பக்கம் எந்த மேசையில தங்கிடுச்சோ. உன்கிட்ட பேசிட்டுப் போடுங்கன்னு காலப் பிடிக்காத குறையாச் சொன்னேன். "சார் கேட்டதத்தானேம்மா செய்றோம், தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கச் சொல்லுங்க"ன்னார். நாலு தடவ உனக்கு போன் போட்டேன். நாலு தடவையும் நீ கட் பண்ணின.

— ஒத்திகை.

— ஆமா, ஒத்திகை. "கூட்டத்தில் இருக்கிறேன்"னு செய்தி வந்துச்சு. உன் போன் அதுவா அனுப்பறது. நான் அத அவருக்குக் காட்டினேன். "பார்த்தீங்களா, பிஸியா இருக்கார், அவருக்கு ஏன் தொந்தரவு"ன்னு பையங்களப் பார்த்துத் தலைய ஆட்டினார்.

— எவ்வளவு போட்டாங்க?

— வழக்கமா ஒரு கிணத்துக்கு ஒரு சட்டி போதுமாம். இது ஒரு துணை இயக்குநரே எழுதிக் கேட்டதுன்னு ரெண்டு மூட்டை போட்டாங்க. வேலை முடிஞ்சதும் என்கிட்ட ஒரு சான்றிதழ் குடுத்தார். அதோ, உன் அறிவிப்புக்கு அடியிலதான் இருக்கு. இந்தக் கிணற்றில் எவ்வித உயிரினமும் இல்லைன்னு.

— அக்கா.

— சொல்லுடா.

— அந்தக் கடிதத்துக்கு உடனடின்னு போடாம இருந்திருக்கலாம்.

— எல்லாக் கடிதத்துக்கும் அப்படித்தான் போடுவ. யார் கண்டா இப்படி ஒருத்தன் நெசமாவே வருவான்னு.

— இல்ல, இரு. யோசிச்சுப் பாரு. அதாவது, இதுங்க கிணத்துல வாழற மீன் இல்ல. கிணறு சும்மா ஒரு ஜன்னல். இதுங்க வீடு பாறைக்குள்ள, ஊத்துக்கண்ணுக்குப் பின்னாடி, எங்கெங்கயோ போகும். மேல மருந்து எறங்கினதும் ஒரு வாசனையிலயே உள்ள போயிருக்கும். பயந்து உள்ள போயிருக்கும். போயிருக்குமில்ல?

— போயிருக்கும்டா.

— நீ நிஜமாச் சொல்றியா, எனக்காகச் சொல்றியா?

— பயப்படத் தெரியாதுன்னு நீதானே சொன்ன. ஐயோ, நான் ஒரு முட்டாள். அத ஏன் சொன்னேன். விடு தம்பி. மோட்டார் ஓடற சத்தம் கேக்குது பாரு. ஒண்ணும் வரலேன்னா நல்லதுன்னு வெச்சுக்கோ. ஒண்ணும் வரலேன்னா அதுங்க உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்.

— ஒண்ணும் வரலேன்னா நாளைக்குக் குழுவுக்கு என்னத்தக் காட்டறது?

— ஒண்ணும் காட்ட வேண்டாம். உனக்கு உடம்பு சரியில்லன்னு குழுவுக்கு நான் ஒரு கடிதம் அடிச்சுத் தரேன். நகல் இல்லாம.

— ஆழ்குழாய் போட்டுடுவாங்களே.

— போடட்டும். எங்கயாவது ஆழத்துல கிடந்து பொழைச்சுக்கும். பேரில்லாம, பொன்னேடு இல்லாம. இத்தன ஆயிரம் வருஷமும் அப்படித்தானே இருந்துச்சு.

— எனக்குப் பேரே வேண்டாம் அக்கா. நெசமாச் சொல்றேன். அந்த உதவியாளர் எழுந்தா உட்கார் உட்கார்னு சொல்லிடறேன். ஒண்ணும் வரக்கூடாது. அந்த வலை காலியா வரட்டும். நான் பாட்டுக்கு வெள்ளிக்கிழமை அடைப்புக்குறியோடயே வீட்டுக்குப் போயிடறேன்.

— மோட்டார் நின்னுடுச்சு.

— ரெண்டு மணிநேரம் ஓட்டச் சொன்னேனே. பத்து நிமிஷம்கூட ஆகல.

— காத்து அடைச்சிருக்கும். இரு, அவனே வரான். கையில என்னப்பா அது, என்னோட துணி ஊறவெக்கிற பேசினா?

— ஆமாங்கம்மா, வாளி பத்தல. சார், மோட்டார நானே நிறுத்திட்டேன். போட்ட கையோட வலை ரொம்பிடுச்சு.

— அசையுதா?

— நீங்க முழுசா ஒண்ணு போதும்னீங்க. எண்ணிப் பார்த்தேன், நாப்பத்தொண்ணு மிதக்குது. எல்லாத்துக்கும் தலை இருக்கு சார்.